மகன் இறந்த நேரம் கேட்டு எழுதக் குற்றாலம் போனேன்

கப்பல் வேலைக்குப் போன என் மகன் முத்தையா, ஸ்பானிஷ் பேசும் ஒரு துறைமுகத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். வருகிற மாசியில் தலைத்திவசம். கப்பல் கம்பெனி தேதியை மட்டும் எழுதியிருந்தது. பஞ்சாங்கம் பார்க்கும் ஐயர், "அங்க ராத்திரின்னா இங்க பகலா இருக்கும். நேரம் தெரியாம என்ன திதின்னு சொல்றதம்மா?" என்றார். நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் அமாவாசையில் திதி கொடுப்பார்களாம். என் பிள்ளையை அந்தக் கூட்டத்தில் சேர்க்க மனசு ஒப்பவில்லை. அவன் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாளின் விலாசம் என்னிடம் இருந்தது. அவளுக்கு அவள் பாஷையில் எழுத வேண்டும். அதற்காகத்தான் ஆடி மாதம் புறப்பட்டேன்.

பாவூர்சத்திரத்தில் காலை ஏழு மணி ரயில். தென்காசிக்கு ஏழு மைல், இரண்டணா. அங்கிருந்து குற்றாலம் மூன்று மைல். குதிரை வண்டிக்கு நாலணா கேட்டு மூன்றணாவுக்குப் படிந்தது. சாரல் முகத்தில் அடித்தது.

"தண்ணி நல்லா விழுது ஆச்சி. முதல்ல ஒரு குளியலப் போடுங்க," என்றார் வண்டிக்காரர்.

"நான் குளிக்க வரல. வெரசா விடுங்க."

ஒரு பங்களாவில் சமையல் பார்க்கும் சவரிமுத்து அண்ணாச்சி, பன்னிரண்டு வருஷம் அந்தப் பாஷை பேசும் துறைமுகங்களில் கிடந்தவர். மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன். அவரே எழுதித் தருகிறேன் என்றார். பெற்றவள் கையால் எழுதினால்தான் அந்த அம்மாள் பதில் போடுவாள் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மூன்றாம் வகுப்புத் தமிழ்தான் எனக்கு.

"அப்போ கேளுங்க. 'அப்லார்'னா பேசுதது. 'அவங்க பேசுனாங்க'ன்னா 'அப்லாரோன்'. இந்த மீன் வால் மாதிரி 'ரோன்'ஐ வெட்டிருங்க, 'ரா'வை ஒட்டுங்க. நடக்காததச் சொல்லவும், மரியாதையாக் கேக்கவும் இதான்."

நான், அப்லாரா. நீ, அப்லாராஸ். அவன், அப்லாரா. நாங்கள், அப்லாராமோஸ். நீங்கள் எல்லாரும், அப்லாராய்ஸ். அவர்கள், அப்லாரான். உட்கார முடியாமல் கொல்லையில் நடந்து நடந்தே சொன்னேன்.

"நாக்கு சுளுக்குது அண்ணாச்சி."

"எனக்குக் காலு சுளுக்குது, உங்களப் பாத்தே. சித்த உக்காருங்க."

"கிசியேரா கெ உஸ்தெத் மெ அப்லாரா" என்று ஆரம்பித்தோம். நீங்கள் என்னிடம் பேசினால் நல்லது என்று அர்த்தம். 'சி அப்லாரா' என்றால் 'அவன் பேசினால்' என்றும் சொல்லிக்கொடுத்தார். அதை ஒரு தரம்தான் சொன்னேன். கடைசியாக, அவன் போன நேரம் எது என்று கேட்டு எழுதினோம். அவர் எழுதிக் காட்ட, எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினேன். பதினொன்றரை ஆகிவிட்டது.

தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

"அண்ணாச்சி, கடைசியில தண்ணி கேட்டானா, யாரும் ஊத்துனாங்களான்னு கேக்கணும்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அதுக்கு இந்த 'ரா' ஆகாது ஆச்சி. அது நடந்து முடிஞ்ச விசயம். வேற மாதிரி எழுதணும்."

அதைப் படிக்க எனக்குத் தெம்பில்லை. பேனாவை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

கடிதத்தைத் தென்காசித் தபாலாபீசில் போட்டேன். பதில் வர மூன்று மாதம் ஆகுமாம். என்னைப் போல எழுதப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் அவருக்குச் சமையல் வேலை. விலாசத்தை இரண்டு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், சாரலில் ஒன்று நனைந்துவிடும். பிள்ளை உயிரோடு வெளிதேசத்தில் இருந்தால், அவனுக்குச் சோறு போடுகிறவர்கள் பெயரை இப்போதே கேட்டு வாங்குங்கள்.

நேரம் தெரிந்துவிட்டால் திதி கொடுத்துவிடுவேன். தண்ணீர் ஊற்றினேன் என்று அந்த அம்மாள் எழுதினால், அவளுக்கு என்ன பதில் போடுவது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இல்லை என்று எழுதினால்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.