சூரியனும் கெட்டுப்போன மதியம்

சின்ன வயதில் எனக்கு இருந்த பயங்களில் பாதியை மாமா கொடுத்தார், மீதியை அத்தை கொடுத்தார். இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் என்னைப் பயமுறுத்துவதில் மட்டும் நல்ல கூட்டாளிகள்.

மாமா அம்மாவின் அண்ணன். சுங்கை காடுட்டில் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தோட்டத்து ஜெபக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வேத வகுப்பு எடுத்தார். அத்தை அப்பாவின் அக்கா. மம்பாவ் ஊரைத் தாண்டி உள்ளே போகும், எண்ணெய்க்காகப் பயிரிட்ட செம்பனைத் தோட்டத்தில், வரிசை வீடுகளின் கடைசியில் நாங்களும் அவரும் பக்கத்து பக்கத்து வீடு. நடுவில் வேலி கிடையாது, ஒரு ரம்புத்தான் மரம்தான். அப்பா கல்யாணத்துக்காகக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறியதை அத்தை மன்னிக்கவே இல்லை. அப்பாவும் சும்மா இருக்கவில்லை. பிறவியிலேயே வேதக்காரரான மாமாவைவிடச் சத்தமாகவே ஜெபப்பாட்டுப் பாடுவார்.

அந்த டிசம்பரில் அம்மா மாசமாக இருந்தார், வயிறு நன்றாகத் தெரிந்தது. அதற்கு முந்தைய பிள்ளை, எனக்குத் தம்பியாக வந்திருக்க வேண்டியவன், வயிற்றுக்குள்ளேயே தவறிவிட்டான். ஆஸ்பத்திரியில் காரணம் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். அத்தைக்குத் தெரிந்திருந்தது. சந்திர கிரகணத்தன்று அம்மா மீன் வெட்டினாராம், அதுதான் காரணமாம். இதை அத்தை சண்டை பிடித்துச் சொல்லியிருந்தால் யாராவது பதிலுக்குச் சண்டை பிடித்திருப்பார்கள். அவர் பரிதாபப்பட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மீன் வாங்கினால் அப்பாதான் வெட்டுவார்.

இந்த நிலைமையில்தான் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மதியம் சூரிய கிரகணம் என்று ரேடியோவில் சொன்னார்கள்.

கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு மாமா வந்திருந்தார். ஆட்டுக்கறியும் நெய்ச்சோறும் பாதி இறங்கியதும் அப்பா பேச்சை ஆரம்பித்தார்.

"கெரகணம்லாம் சும்மா நெழல் மச்சான். நெலா குறுக்க வருது, போயிருது. கட்டளைய மீறுனது மனுசன். சூரியன் என்னா பாவம் செஞ்சிச்சு?"

மாமா எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "அப்பிடி இல்லலா மாப்ள. ஆதாம் விழுந்தப்ப தனியா விழல. மண்ணு, மரம், சூரியன், நட்சத்திரம் எல்லாத்துக்கும் சேத்துத்தான் அடி. செம்பனையில ஏன் முள்ளு இருக்கு? குலை வெட்டுற ஒங்களுக்குத் தெரியாதா?"

"முள்ளு இருக்கட்டும். சூரியன்ல யாரு போயி பாத்தா?"

"பாக்கணும்னு இல்ல. படைச்சதுல ஒன்னுகூட இப்ப மொத மாதிரி இல்ல. எல்லாம் ஒடைஞ்சி போயித்தான் கெடக்கு."

குழம்பு ஊற்ற வந்த அம்மா கரண்டியைத் தூக்கியபடியே நின்றிருந்தார். அப்பா அதைக் கவனிக்கவில்லை. மாமாவிடம் தோற்பது போலத் தெரிந்ததும் அவர் அம்மா பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஒரு மணிக்கு ஜெபக்கூடத்துல சாப்பாடு. கெரகண நேரந்தான், நீ நடந்தே வா. எல்லாரும் பாக்கட்டும்." எல்லாரும் என்றால் அத்தை.

அம்மா "சரிங்க" என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை, அந்த நேரத்துச் சூரியன் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்கிறார். அதை மூடநம்பிக்கை என்று அப்பா ஒதுக்கிவிடுவார். ஆனால் வேதம் படித்த மாமாவே சூரியன் கெட்டுப்போனது என்கிறார். இரண்டையும் கூட்டிப் பார்க்க அந்த வீட்டில் என்னைத் தவிர ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அன்று முழுக்க அம்மாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். ஆதாம்மீது அவ்வளவு ஆத்திரம் வந்தது. ஒரு பழத்தைச் சும்மா விட்டிருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

மறுநாள் காலையில் அப்பா நாற்காலி போடக் கூடத்துக்குப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் அத்தை எங்கள் கிரில் கதவருகே வந்தார்.

"வெளிய வந்துறாத. கத்திய தொடாத, பிள்ளைக்கு ஒதடு பிளந்துரும். முடியிற வரைக்கும் வாயில ஒன்னும் போடாத. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சரி அண்ணி" என்றார் அம்மா.

அப்பாவிடமும் சரி என்றார், அத்தையிடமும் சரி என்கிறார். எதைச் செய்யப்போகிறார் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. குளித்துவிட்டு கிறிஸ்துமஸ் சேலையைக் கட்டியதைப் பார்த்ததும் வெளியே கிளம்பப்போகிறார் என்று தெரிந்தது. கிரில் கதவைப் பூட்டினேன். சாவியை முறுக்கு டின்னுக்குள் போட்டு மூடினேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் வெளிச்சம் மாறத் தொடங்கியது. மேகம் இல்லை, மழை இல்லை, ஆனாலும் வாசல் மங்கிப்போனது. அம்மா சாவியைத் தேடினார். ஐஸ்பெட்டி மேலே பார்த்தார், டிவிக்குப் பின்னால் பார்த்தார். பிறகு முறுக்கு டின்னைத் திறந்து கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார். ஒரு முறுக்கை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு மூடியை அழுத்தி மூடினார்.

"எங்க வெச்சேன்னே தெரியலயே" என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆண்டவரே அம்மாவின் கண்ணை மறைத்துவிட்டார் என்று நான் மனமாரத் தோத்திரம் சொன்னேன்.

ரம்புத்தான் மரத்தடியில் எப்போதும் வட்ட வட்டமாக விழும் வெயில் அன்று வெட்டிப்போட்ட நகம்போல வளைந்து விழுந்தது. ஒன்றல்ல, மரத்தடி முழுக்க. மாமா சொன்னது பொய்யில்லை, சூரியன் உடைந்தே போயிருக்கிறது என்று நினைத்தேன். அந்த வளைவுகளில் சில கிரில் வழியாகச் சிமெண்டுத் தரைக்கு வந்து அம்மாவின் பாதத்துக்குப் பக்கத்தில் ஆடின. பாயை இழுத்து வந்து அவற்றின்மேல் போட்டேன். அவை பாயின்மேல் ஏறிக்கொண்டன. கடைசியில் அம்மாவின் காலடியில் நானே உட்கார்ந்து முதுகால் மறைத்துக்கொண்டேன். அம்மா என் தலையில் கையை வைத்தார். அந்தக் கை சில்லென்று இருந்தது.

அப்பா அனுப்பி மாமா மோட்டாரில் வந்தார். கிரிலுக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.

"வரலயாலா? மாப்ள தேடுறாரு."

"சாவி காணோம்ண்ணே."

மாமா பூட்டைப் பார்த்தார். அம்மா எழுந்து கதவருகே போனார். நான் சேலையைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை. அந்த வளைந்த வெயில் அவர் முகத்திலேயே விழுந்தது.

"அண்ணே, நேத்து சொன்னீங்களே, எல்லாம் ஒடைஞ்சி போச்சுன்னு. நெசந்தானா?"

"நெசந்தான்."

"பாவமே செய்யாத பிள்ள வயித்துலயே போயிருதே. அதுவும் அந்த ஒடைசல்தானா? யாராச்சும் தனியா ஒரு தப்பு செஞ்சிதான் அப்பிடி ஆவணும்னு இல்லயே?"

மாமாவுக்கு அப்போதுதான் கேள்வி புரிந்ததுபோல் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"இல்லம்மா. அதுக்கு யாரும் ஒரு தப்பும் செஞ்சிருக்க வேணாம். அது ஒலகத்துல முன்னயே விழுந்துபோன அடி."

"அப்பன்னா நான் மீன் வெட்டுனதால இல்ல."

"ஒன்னால இல்ல."

அம்மா கிரிலைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாமா கம்பி வழியாகக் கையை விட்டு அவர் தோளைத் தட்டிக்கொண்டே நின்றார். பிறகு கூடத்துக்குப் போய், சாவி தொலைந்துவிட்டதாக அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அடுத்த மாதமே தங்கை பிறந்தாள். உதடு, விரல், குரல் எல்லாம் முழுசு, குரல் கொஞ்சம் கூடுதல். கிரகணம் வெறும் நிழல் என்ற தன் பேச்சுதான் ஜெயித்தது என்றார் அப்பா. அத்தை, அம்மா வெளியே வராததால்தான் என்றார். அப்பா சூரியனுக்காக வாதாடியதே அம்மாமேல் பழி வரக்கூடாது என்றுதான் என்று இப்போது தெரிகிறது. ஆனால் மண்ணுக்கும் வானத்துக்கும் ஒன்றுமில்லை, பாவம் மனிதரோடு சரி என்றால், செத்துப்போன பிள்ளைக்குப் பதில் சொல்ல அம்மா ஒருத்திதான் மிச்சம். அதை அப்பா யோசிக்கவில்லை. மாமாவின் எந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடாமல் செய்ததோ அதைக் கேட்கத்தான் அம்மா அத்தனை நாள் காத்திருந்தார். அந்த வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே புரிந்தது?

அன்று மாமாவின் மோட்டார் சத்தம் ஓய்ந்ததும் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். கிரகணம் விடவில்லை, வாசல் இன்னும் மங்கலாகத்தான் இருந்தது. முதல் நாள் ஆட்டுக்கறியைச் சுடவைத்து, சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். மறுபடியும் போட்டுச் சாப்பிட்டார். சூரியன் முதற்கொண்டு எல்லாம் கெட்டுக் கிடக்கிறது என்று கேட்ட பிறகும் ஒருத்தருக்கு எப்படிப் பசிக்கும் என்று நான் கோபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.