படுக்க வைத்த ஸ்பீக்கர் பெட்டி

எழுபதுகளின் கடைசியில் திருச்சி மெல்லிசைக் குழு ஒன்றில் நான் பேஸ் கிடார் வாசித்தேன். என் ஆம்ப்ளிஃபயருக்கென்று அரியமங்கலத்துப் பட்டறையில் புதுப் பெட்டி செய்து வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள். ஆனால் குழுத் தலைவர் அதைப் படுக்கத்தான் வைக்கச் சொல்வார். நிமிர்த்தினால் பின்னால் தொங்கும் பேனரில் அவர் பெயர் மறைந்துவிடுமே! பேனரைக் கட்டி மாலை போட்ட பிறகுதான் மற்றச் சாமான்களே மேடையேறும். அப்படி ஒரு சம்பிரதாயம்.

மேடை ஓரத்தில், என் பெட்டிக்குப் பக்கவாட்டில், டிரம்ஸ் வாசித்தவன் என் ஸ்கூல் சிநேகிதன், ஸ்ரீரங்கத்துக்காரன். புதுப் பெட்டி வந்ததிலிருந்து அவன் தாளம் தடுமாறியது. "மாதா கோயில் திருவிழாவிலயும் இப்படி வாசிச்சான்னா அவனை நிறுத்திடுவேன்" என்று தலைவர் என்னிடம் சொன்னார்.

இடையில் கே.கே. நகரில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடை சின்னது, பெட்டியைப் படுக்க வைக்க இடமில்லை, நிமிர்த்தி வைத்தோம். அன்று அவன் அடியில் பிசிறே இல்லை.

மறுநாள் ஒத்திகை அறையில் நீள ஒயரை மாட்டி, வாசித்துக்கொண்டே பெட்டியைச் சுற்றி நடந்தேன். பெட்டி படுத்திருந்தபோது எதிரே நின்றால் ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவு. பக்கவாட்டில் போனால் வெறும் 'தொம்' மட்டும். நிமிர்த்தினேன். பக்கவாட்டிலும் அதே தெளிவு! ஸ்பீக்கர்கள் பக்கம் பக்கமாக இருந்தால் சத்தம் நேராகப் போகிறது, மேலும் கீழுமாக இருந்தால் இருபுறமும் விரிகிறது. என் வாசிப்பைக் கேட்டு அடிப்பவனை, பாவி மனுஷன் பேனரில் இருந்த தன் பேருக்காகச் செவிடாக்கி வைத்திருந்தார்.

திருவிழா அன்று நானே பெட்டியை நிமிர்த்தினேன்.

"என்னப்பா, பேரு மறையுது. படுக்க வை."

"படுக்க வச்சா நான் வாசிக்கலைண்ணே. ஓரத்துல அவனுக்கு என் வாசிப்பு கேக்கவே மாட்டேங்குது. பேனரை வேணா ஒசத்திக் கட்டுங்க."

"ரொம்பத்தான் துள்ளுறே!" என்றார். கூட்டம் கூடிவிட்டதால் முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டார்.

முதல் பாட்டில் என் விரலும் அவன் அடியும் ஒட்டிக்கொண்டே போயின. தலைவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். பாட்டு முடிந்ததும் சிநேகிதன் என் பக்கம் குனிந்தான். கண் கலங்கியிருந்தது.

"மாப்ள, என் காதுதான் போச்சுன்னு நெனச்சேன்டா. டிரம்ஸை விக்க ஆள் பாத்துட்டேன்."

"அட மடையா! என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீயும் என்னைப் பாவம்னு பாக்க ஆரம்பிச்சிட்டா, நான் யாரோட சேந்து வாசிக்கறது?"