ஒன்பதாவது முடிவு

போன வாரம் நான் ஐந்து முறை செத்துப்போனேன்.

இரண்டு முறை பள்ளத்தில் உருண்டு. ஒரு முறை விஷம். ஒரு முறை பனிமூட்டத்தில் காணாமல் போய். இன்னொன்று எப்படி என்று எனக்கே விளங்கவில்லை... 'அவள் இதயம் நின்றது' என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் எஸ்டேட் பங்களாவின் மாடி அறையில் பூட்டிவைத்திருந்தார்கள். எழுபத்து நான்கு வயதில், சர்க்கரை மாத்திரையையும் விழுங்கிக்கொண்டு, இருபத்திரண்டு வயது மலர்விழியாக வாழ்வது லேசான காரியமா?

பதற வேண்டாம். எல்லாம் செல்போனில்தான்.

என் மருமகள் சுகன்யாவின் தொழில் இது. மகன் கப்பலில் இன்ஜினியர். வருடத்தில் பாதி நாள் கடலில். சுகன்யா எங்களோடு போடியில் இருந்துகொண்டு, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்காக மாடியில் உட்கார்ந்து விளையாட்டு எழுதுகிறாள். ஆமாம், விளையாட்டை எழுதுகிறாள். எனக்கும் முதலில் புரியவில்லை.

படம் கிடையாது. பாட்டு கிடையாது. திரையில் நாலு வரி கதை வரும். கீழே இரண்டு மூன்று வழி கேட்கும். 'சிரி.' 'முகத்தைத் திருப்பிக்கொள்.' நாம் எதைத் தொடுகிறோமோ, கதை அந்தப் பக்கம் திரும்பும். காதல் கதைதான் — ஆனால் கொஞ்சம் இருட்டான காதல். கதாநாயகன் ஆதவன், ஏலக்காய் எஸ்டேட் முதலாளி. அழகன், படித்தவன், மலர்விழி மேல் உயிரையே வைத்திருப்பவன். அவளை மூச்சுவிட விடமாட்டான், அதுதான் கோளாறு.

கதைக்கு மொத்தம் ஒன்பது முடிவுகள். எட்டை எழுதி முடித்துவிட்டாள். எட்டும் அழுகை. ஒன்பதாவது மட்டும் நல்ல முடிவாக இருக்க வேண்டும். ஆதவன் திருந்த வேண்டும். படிக்கிறவர்கள் அதை நம்பவும் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் கதையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். எட்டு மாத உழைப்பு. பாவம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூட அந்தப் பெண் ஆதவனைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

நம்புவார்களா, மாட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு ஒரு நடுவர் வைத்திருந்தாள். என் மனைவி பரமேஸ்வரி.

"அத்தை நம்பிட்டா ஊரே நம்பிரும் மாமா" என்பது சுகன்யாவின் கணக்கு. அத்தை நம்புவதாக இல்லை.

உதவிக்கு நான் குதித்தேன். இருபத்தெட்டு வருடம் ஏலத்தோட்ட மேனேஜர். எஸ்டேட் கதைக்கு என்னைவிட ஆள் உண்டா? முதல் நாளே பிழை திருத்த ஆரம்பித்தேன். காய் எடுக்கிற சமயத்தில், அதை உலர்த்துகிற ஸ்டோரில் இரவும் பகலும் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது, எந்த முதலாளிக்காவது நிலவைப் பார்த்துக் கவிதை சொல்ல நேரம் இருக்குமா? சுகன்யா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். முதலில் கதையை விளையாடிப் பாருங்கள், பிறகு பேசலாம் என்று போனைக் கையில் கொடுத்தாள்.

விளையாடினேன். செத்தேன்.

காரணம், மூன்றாவது திரை. மலையடிவாரத்தில் மழை. ஆதவன் ஜீப்பை நிறுத்தி, முன்சீட்டுக் கதவைத் திறந்துவிடுகிறான். கீழே இரண்டு வழி: 'ஜீப்பில் ஏறு.' 'பஸ்சுக்குக் காத்திரு.'

பெங்களூரில் விளையாடிப் பார்த்தவர்களில் பாதிப் பேர் பஸ்சுக்குக் காத்திருந்தார்களாம். போடிக்காரனால் முடியுமா, சொல்லுங்கள். ஜீப்பின் பின்பக்கம் பதினைந்து பேர் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு, மூட்டைக்கும் சாக்குக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு போகிற ஊர் இது. முன்சீட்டு தானாகக் கிடைக்கிறது, அதுவும் மழையில்! ஒவ்வொரு முறையும் ஏறினேன். ஒவ்வொரு முறையும் அந்த ஜீப் நேராகப் பங்களாவுக்குத்தான் போனது.

"முன்சீட்டுன்னா எமன் ஓட்டுற ஜீப்புலயும் ஏறிருவாரு" என்றாள் பரமேஸ்வரி, காய்கறி நறுக்கிக்கொண்டே.

சரி, முடிவைச் சொல்கிறேன் என்று நான் யோசனைகளை எடுத்துவிட்டேன். ஆதவன் எஸ்டேட்டை அப்படியே மலர்விழி பேருக்கு எழுதிவைக்கிறான்.

"அப்பறம் அவ அந்தக் காட்டைக் கட்டிக்கிட்டு அங்கேயே கெடக்கணுமாக்கும்?" என்றாள் நடுவர்.

யானை துரத்துகிறது, ஆதவன் குறுக்கே விழுந்து அவளைக் காப்பாற்றுகிறான்.

"யானையை எதுக்கு இழுக்குறீங்க? அது பாட்டுக்கு அது சோலியப் பாக்கட்டும்."

ஆதவன் கடுங்காய்ச்சலில் படுத்துவிடுகிறான். படுக்கையில் அவன் மனசு மாறுகிறது.

"காய்ச்சல் எறங்குனதும்?"

சுகன்யா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு நாள்காட்டியைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை முடிந்துவிட்டது.

புதன்கிழமை காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த ஆதவனை ஆரம்பத்திலிருந்து ஒழுங்காகப் படித்தால்தான் இவனைத் திருத்த வழி தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, மூன்றாவது திரையில் 'பஸ்சுக்குக் காத்திரு' என்பதைத் தொட்டேன்.

கதை நான் பார்க்காத பக்கம் திரும்பியது.

இந்தப் பாதையில் ஆதவன் கடத்தவில்லை. வீட்டாரிடம் பேசி, முறையாகக் கல்யாணம் செய்துகொள்கிறான். மலைக்குக் கூட்டிப்போகிறான். 'ஒரு சீசன்தான், அப்புறம் கீழே குடிபோகலாம்' என்கிறான். இரண்டு வருடம் ஓடுகிறது. கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் மலர்விழிக்குக் கணக்கு டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ வருகிறது. புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பிடம் போகிறாள்.

டிரைவர் இறங்கி நிற்கிறான். ஏற்ற மாட்டேன் என்கிறான். 'அம்மாவுக்கு வளைவுல மயக்கம் வரும், நான் கூட இல்லாம ஏத்தாதேன்னு சார் சொல்லியிருக்கார்.'

கீழே இரண்டு வழி. 'கெஞ்சு.' 'திரும்பிப் போ.'

எனக்கு விரல் நகரவில்லை.

பரமேஸ்வரிக்கு எந்த வளைவிலும் மயக்கம் வந்ததில்லை. போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வருகிற ஆள் நான்தான். நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், எங்கள் எஸ்டேட் டிரைவர் குட்டப்பனைத் தனியாக அழைத்து, அந்த வாக்கியத்தை வார்த்தை மாறாமல் சொன்னதும் நான்தான். அன்றைக்கு அவளுக்கு இன்டர்வியூ என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஏன்? இறங்கிப் போனால் திரும்ப ஏறி வரமாட்டாளோ என்ற பயம். நாலு மாதம் விடாத மழையில் அந்தப் பங்களாவில் தனியாக இருக்க எனக்குப் பயம். அதற்கு அவள் காலைக் கட்டிப்போட்டேன். அந்த உத்தரவை நான் திரும்பப் பெறவே இல்லை. எஸ்டேட் முழுக்க அவளை நோயாளி என்றே நம்பினார்கள். தொழிலாளிப் பெண்கள் அவளுக்கு மருந்துவேர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பத்திரிகையில் நான் வாராவாரம் எழுதுகிற இதே பக்கத்தில் ஒரு முறை, மலையில் அவளை ராணி மாதிரி வைத்திருந்தேன் என்று எழுதியிருக்கிறேன். உங்களில் சிலர் மெச்சிக் கடிதமும் போட்டீர்கள். அந்த வரியை இன்று வாபஸ் வாங்குகிறேன்.

மாடிக்குப் போனேன். இதை யார் சொன்னது என்று சுகன்யாவிடம் கேட்டேன். அவள் லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அத்தைதான் மாமா. எழுதிக்கவான்னு கேட்டேன். எழுதிக்கோ, அவரு பேரை மட்டும் போட்டுராதேன்னாங்க."

அப்போதுதான் உறைத்தது. வீட்டு வாசலைத் தாண்டாமலே ஆதவனை எட்டு மாதமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள் இந்தப் பெண். காலையும் மாலையும் அவனுக்குக் காபியும் கொடுத்திருக்கிறாள்.

"உங்களுக்குத் தெரியாம எழுதுனது தப்புதான்" என்றாள் மெல்ல. "வேணாம்னா அந்தக் காட்சியை எடுத்துர்றேன்."

எடுக்க வேண்டாம் என்றேன். வேறு என்ன சொல்வது? கதையிலேயே உண்மையான இடம் அது ஒன்றுதான்.

கீழே இறங்கினேன். பரமேஸ்வரி கூடத்தில் உட்கார்ந்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். மலையில் நூறு பேரை அதட்டி வேலை வாங்கியவன், மொச்சைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினேன்.

அந்தக் காலத்தில் ரோடு எப்படி இருந்தது தெரியுமா, மழையில் எங்கே சரியும் என்றே சொல்ல முடியாது, எனக்கும் அங்கே துணைக்கு ஆள் இல்லை, சின்ன வயது, அறிவும் கொஞ்சம் கம்மி... என்று ஆரம்பித்தேன்.

அவள் நிமிராமலே சொன்னாள்: "இது திங்கக்கிழமை வந்த முடிவு. வேணாம்னு சொல்லிட்டேன்."

உண்மைதான். ஆதவன் உட்கார்ந்து காரணம் சொல்லி அழுகிற ஒரு முடிவைச் சுகன்யா திங்கட்கிழமை எழுதியிருந்தாள். காரணம் சொல்கிறவன் இன்னும் தன் பக்கத்தில்தான் நிற்கிறான் என்று தள்ளிவிட்டாளாம் நடுவர்.

நானும் ஒரு மொச்சைக்காயை எடுத்து உரித்தேன். பிறகு சொன்னேன்.

"அன்னைக்கு உனக்கு இன்டர்வியூன்னு தெரிஞ்சுதான் குட்டப்பன்கிட்டப் பொய் சொன்னேன் பரமு. உன் வேலையை நான்தான் கெடுத்தேன். தப்பு என்னோடது."

அவள் கை நின்றது. ஒரு காய் பாதி உரித்தபடி விரலில் இருந்தது.

"குட்டப்பன் அன்னைக்கே சொல்லிட்டான்" என்றாள். "நீங்க எப்பச் சொல்றீகன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். லேட்டாப்போச்சு."

நாற்பத்திரண்டு வருடம்! என்னிடமே என் ரகசியத்தை மறைத்து வைத்திருந்திருக்கிறாள். இத்தனை தீபாவளி, இத்தனை சண்டை. ஒரு தடவைகூட அந்தக் கத்தியை வெளியே எடுக்கவில்லை. நானாக இருந்தால் இரண்டாம் நாளே எடுத்திருப்பேன்.

மன்னித்தேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். மனிதனுக்கு அந்த ஆசை இருக்கத்தானே செய்யும்? அவள் அதைச் சொல்லவில்லை. மீதிக் காயை உரித்து முடித்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்குச் சாயங்கால ரயில்ல மதுரைக்குப் போறேன். செல்வி வீட்டுக்கு."

செல்வி அவளோடு கல்லூரியில் கணக்குப் படித்தவள். டீச்சர் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். வரச்சொல்லி வருடக்கணக்காக அழைத்துக்கொண்டே இருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு காரணம் வந்து அந்தப் பயணம் நின்றுவிடும். அந்தக் காரணங்கள் எங்கிருந்து வந்தன என்று இனிமேல் நான் சொல்ல வேண்டுமா?

யார் கூட வருகிறார்கள்? முட்டிவலிக்குத் தைலம் எடுத்துக்கொண்டாயா? எத்தனை நாள்? எப்போது திரும்புகிறாய்? — நாலு கேள்வியும் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. நாலும் அக்கறையான கேள்விகள். அடுத்தவரைக் கட்டிப்போடுகிற ஆட்கள் யாரும் விலங்கோடு வருவதில்லை. மயக்கம் வரும், மழை வரும் என்று அக்கறையோடுதான் வருகிறோம். அனுபவத்தில் சொல்கிறேன்.

நாலையும் விழுங்கினேன். ஸ்டேஷன் வரைக்கும் வரட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

"ஆட்டோ இருக்கு. நீங்க வெயில்ல வந்து மயக்கம் போட்டுத் தொலைக்காதீக" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே திரும்பிப் போகிறவரை தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சுகன்யா சத்தமில்லாமல் மேலே ஓடினாள். அன்றைக்கு மதியம் சாப்பிடக்கூட இறங்கவில்லை.

ஒன்பதாவது முடிவில் ஆதவன் செய்வது மிகக் குறைவு. பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்கிறான். மலர்விழி ஊருக்குக் கிளம்புகிறாள். அவன் எதுவும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்கிறான். அவ்வளவுதான். வியாழக்கிழமை சாயங்காலம் ரயில் ஆண்டிபட்டியைத் தாண்டும்போது அதை நடுவரின் போனுக்கு அனுப்பினாள் சுகன்யா. உசிலம்பட்டி வருவதற்குள் பதில் வந்துவிட்டது.

'இதை நம்பலாம்.'

வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து ஒரு சந்தேகம் கேட்டார்களாம். கடைசிக் காட்சியில் ஹீரோ ஒன்றுமே செய்யவில்லையே? அவனுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமான காரியம் சார் என்று சொல்லியிருக்கிறாள் சுகன்யா. ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த கதையும் அவளுக்கே. இந்த முறை பேய்க்கதையாம். வீட்டில் யாரை வைத்து எழுதப்போகிறாள் என்று தெரியவில்லை.

பரமேஸ்வரி மதுரைக்குப் போய் ஐந்து நாள் ஆகிறது. நேற்று போனில் பேசினாள். செல்வியோடு சினிமாவுக்குப் போனாளாம், தெருப்பிள்ளைகள் இரண்டு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாளாம், குரலில் ஒரே உற்சாகம்.

எப்போது திரும்பி வருகிறாள் என்று நீங்களும் கேட்காதீர்கள்... நானே கேட்கவில்லை.