கதவு திறக்காத முகம்

முகவாதம் வந்து லீவில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பினேன். வெள்ளவத்தையில் பஸ் ஏறும்போதே மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டிருந்தேன். இடப்பக்க வாய் தொங்கிப்போயிருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணும் முழுதாக மூடாது.

எங்கள் அலுவலகக் கதவு முகத்தைப் பார்த்துத்தான் திறக்கும். மாஸ்க்கைக் கழற்றிக் கேமராவுக்கு முன்னால் நின்றேன். சிவப்பு விளக்கு. கிட்டப் போய் நின்றேன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். திரும்பவும் சிவப்பு. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எச்.ஆர். பிரிவில் வேலை செய்யும் கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருத்தி முன்னால் வந்து, தன் முகத்தைக் காட்டி என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, வாங்கோ, முகத்தைப் புதுசாப் பதிஞ்சு விடுறன்."

"வேண்டாம். இது என்ர முகமில்லை. சுகமாகிடும் எண்டு டொக்டர் சொன்னவர்."

"அதுவரைக்கும்?"

"நீரே கதவைத் திறந்து விடும்."

அவள் மறுக்கவில்லை. தினமும் வாசலில் நின்று அவளுக்கு ஃபோனில் கோல் எடுப்பேன். அவள் மீட்டிங்கில் இருந்தால் சுவரைப் பார்த்தபடி காத்திருப்பேன். அப்படி நின்ற ஒரு காலை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்: "யாரைப் பார்க்க வந்தனீங்கள்?"

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கட்டடத்தில் அந்தக் கதவே இல்லை. அவர் பிடித்திருந்த கதவால் உள்ளே நுழைந்தேன். நேரே எச்.ஆர். பிரிவுக்குப் போனேன்.

"முகத்தைப் பதிஞ்சு விடும்," என்றேன்.

"பழைய படம் அழிஞ்சுபோகும், அக்கா. பரவாயில்லையா?"

"ஓம்."

வீட்டில் கண்ணாடிப் பக்கமே போகாமல் இருந்த நான், அவளுடைய திரையில் என்னை முழுதாகப் பார்த்தேன். மெஷின் நேரே பார்க்கச் சொன்னது, பிறகு இடம், வலம். கோணல்தான். ஆனால் நான் மனதுக்குள் வைத்துக்கொண்டு பயந்த முகத்தைவிட இது எவ்வளவோ மேல். களைத்த ஒரு பெண், அவ்வளவுதான். மெஷினுக்கு என்மேல் இரக்கமும் இல்லை, அருவருப்பும் இல்லை. அந்தத் தன்மையைக் கொஞ்சம் அவளிடமும் கண்டேன். படம் சரியா என்று பார்த்தாளே தவிர, ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

பிசியோதெரபி செய்துசெய்து வாய் மெல்ல மெல்லத் திரும்பியது. சிரித்தால் இன்றைக்கும் கொஞ்சம் இழுக்கும்.

பதிந்த அன்று மத்தியானம், அதுவரை செய்ததுபோல மேசையில் தனியாகச் சாப்பிடாமல் கன்டீனுக்குப் போனேன். குழம்பு வாயோரத்தால் வழிந்தது. எதிரே இருந்த எச்.ஆர். பிள்ளை கொட்டாஞ்சேனை ட்ரஃபிக்கைத் திட்டிக்கொண்டே டிஷ்யூவை என் பக்கம் தள்ளிவிட்டாள்.