கறுப்பு வயரில் கரண்ட்

பேனல் கட்டும் தொழிலில் ஒரு வசதி உண்டு: வேலை சரியாக இருந்தால் யாரும் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். அரிசி ஆலையில் தவிட்டுத் தூசு படிந்து ஆள் உயர இரும்புப் பெட்டி ஒன்று நிற்குமே, பச்சைப் பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும், அதுதான் பேனல். அதற்குள்ளே வயர் போடுவது எங்கள் வேலை. இடம் தஞ்சாவூர்த் தொழிற்பேட்டை. முதலாளி நசீர் பாய், அதிராம்பட்டினத்துக்காரர், துபாயில் எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்து பட்டறை போட்டவர். நான் அங்கே வயரிங் சூப்பர்வைசர். எனக்குக் கீழே ஒன்பது பேர்.

சம்பா அறுவடை நெருங்கினால் எல்லா ஆலைக்காரர்களுக்கும் ஒரே நாளில் பேனல் வேண்டும். சித்திரை பிறந்தால் ஈ ஓட்டுவோம். வருஷா வருஷம் நாலைந்து பேரை "கூப்பிடும்போது வாங்க" என்று வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அதைச் சொல்கிற வேலை என்னுடையது. அப்படியொரு சித்திரையில்தான், கும்பகோணத்தில் நெல் உலர்த்தும் டிரையர் செய்கிற கம்பெனி ஒன்று அமெரிக்காவுக்கு டிரையர் அனுப்பப் போவதாகவும், அதற்கான பேனல் நம்மிடம்தான் என்றும் பாய் வந்து சொன்னார். முதல் பேனல் தேறிவிட்டால் தொடர்ந்து ஆர்டர் வரும், யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். எல்லோரும் கைதட்டினோம். மறுநாள் அந்த நாட்டு வயரிங் விதிப்புத்தகம் வந்தது. இதே தொழிலில் இருப்பவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் கூடவே கொஞ்சம் கஷ்டப்படுங்கள்.

சாதுவான கறுப்பு

தப்பு என்னுடையதுதான். புத்தகத்தை முழுசாகப் படிக்காமல் வயரை எடுத்துக் கொடுத்துவிட்டேன். கரண்ட் வருகிற மூன்று வயருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம். திரும்பிப் போகிற நியூட்ரலுக்குக் கறுப்பு. நாங்கள் படித்தது, பழகியது, கை தானாகப் போவது எல்லாம் அப்படித்தான். திருவையாற்றிலிருந்து வருகிற கலைச்செல்வி நாலு நாள் உட்கார்ந்து, சீப்பு வைத்து வாரின மாதிரி வயரை அடுக்கியிருந்தாள். கும்பகோணம் கம்பெனி இன்ஜினியர் வந்தார், பார்த்தார், தலையில் கைவைத்துக்கொண்டார். அமெரிக்காவில் கறுப்பு என்றால்தான் கரண்ட் வருகிற வயர். நியூட்ரல் வெள்ளை. நாங்கள் கட்டினபடியே போயிருந்தால், கறுப்பு என்று பார்த்துப் பயந்து ஒதுங்குகிறவன், பக்கத்தில் கரண்டோடு இருக்கிற நீலத்தைத் தைரியமாகத் தொட்டிருப்பான்.

அத்தனையையும் உருவினோம். "உன் மேல தப்பில்ல, நான்தான் படிக்காம கொடுத்துட்டேன்" என்று கலைச்செல்வியிடம் சொன்னேன். அவள் ஒரு கறுப்பு வயரைக் கையில் தூக்கிப் பிடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "கறுப்பு சாதுன்னு நீங்கதானேக்கா சொல்லிக்கொடுத்தீங்க. அமெரிக்கா போனா மட்டும் அது கடிக்குமா?"

நம்பர் ஏறினால்

சரி, வேறு வயர் வாங்கலாம் என்று கீழவாசலில் நாங்கள் வழக்கமாக வாங்குகிற எலெக்ட்ரிக் கடைக்குப் போனேன். நம் ஊர் வயரில் ஒன்றரை என்றால் ஒல்லி, நாலு என்றால் தடி. குழந்தைக்கும் புரியும். அவர்கள் கணக்கில் பதினாலாம் நம்பர் ஒல்லி, பத்தாம் நம்பர் தடி. போதாததற்கு வயர் மேலேயே அவர்கள் முத்திரை அச்சாகியிருக்க வேண்டும். கடைக்காரர் ஜெயபால் அண்ணன் கொஞ்சம் பருமனானவர். நான் சொன்னதை இரண்டு தடவை கேட்டார், சீட்டில் எழுதினார், அடித்தார். கடைசியில் அவரே சென்னையில் விசாரித்து வயரை வரவழைத்துக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அன்றைக்கு அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு ரொம்ப ஆர்வமாகக் கேட்டது இதுதான்: "நம்பர் ஏற ஏற ஒல்லின்னா, எடை மெஷின்ல ஏறி நின்னுட்டு நான் இளைச்சுட்டேன்னு வீட்ல சொல்லிக்கலாமாம்மா?"

டக்

பன்னீர் எங்கள் பட்டறையின் மூத்த கை. அவர் முறுக்கின திருகை அவரே நினைத்தாலும் கழற்ற முடியாது என்று சொல்வோம். புத்தகமோ ஒவ்வொரு திருகுக்கும் இவ்வளவுதான் முறுக்கலாம் என்று அளவு போட்டிருந்தது. அதற்கென்று ஒரு ஸ்குரூடிரைவர் வந்தது. அளவு வந்ததும் "டக்" என்று சத்தம் போட்டு, அதற்குமேல் முறுக்க விடாது.

ஒரு வாரம் பன்னீர் அதை வைத்து வேலை செய்தார். எனக்கு நிம்மதி. அப்புறம் பார்த்தால், வயர் முனையைத் திருகிப் பூட்டுகிற பிளாஸ்டிக் டெர்மினலில் மூன்று விரிசல் விட்டிருக்கிறது. மூன்றும் அவர் பூட்டியவை. கேட்டேன். முதலில் தெரியாது என்றார். இருபது வருஷம் சர்வீஸ் உள்ள மனுஷரை எல்லார் எதிரிலும் நிறுத்தி வைக்க மனசு வராமல் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாதி டீ உள்ளே போன பிறகு ஒத்துக்கொண்டார். "டக்" என்று சத்தம் வந்தபிறகு, யாரும் பார்க்காதபோது, தன் பழைய ஸ்குரூடிரைவரால் ஒரு சுற்று கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். ஏன் அண்ணே என்றதற்கு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது டக்குன்னு சொல்லிடுதும்மா. என் கை போதும்னு சொல்ல மாட்டேங்குதே."

நாலு ஆரஞ்சு வயர்

மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் பேனலுக்குள் கரண்ட் இருக்கிற வயர்கள் சில உண்டு. பக்கத்துப் பேனலிலிருந்து சிக்னலுக்காக வருபவை. அவை மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும் என்றது புத்தகம். எங்கள் பேனலில் அப்படி நாலே நாலு வயர். அதற்காக முழு ரோல் ஆரஞ்சு வாங்க வேண்டுமா என்று பாய் இழுத்தார். சிவப்பையே போட்டு ஒரு சீட்டு ஒட்டிவிடலாம் என்றார் பன்னீர்.

அன்றைக்குத்தான் அதுவரை பட்டறையில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாபநாசம் பக்கம் ஓர் ஆலையில் ரிப்பேருக்குப் போனேன். மெயினை அணைத்துவிட்டுத்தான் கையை வைத்தேன். அந்தச் சிவப்பு வயர் பாய்லர் பேனலிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. தூக்கி எறிந்ததில் போய் விழுந்தது நெல் மூட்டை மேல். இரும்பாக இருந்திருந்தால் இதை நீங்கள் படிக்க மாட்டீர்கள். இரண்டு நாள் வலது கையில் உணர்வே இல்லை. வீட்டில் சொன்னால் வேலைக்கு விடமாட்டார்கள் என்று யாரும் பார்க்காமல் இடது கையால் சாப்பிட்டுச் சமாளித்தேன். ஆலை ஆபரேட்டர் என்னைவிட அதிகமாக நடுங்கிப்போய், "மெயினை அணைச்சுட்டீங்களேன்னுதானம்மா நானும் சும்மா நின்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மேலும் தப்பில்லை. அந்த வயரைப் பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. புத்தகத்தில் ஆரஞ்சு என்ற வரியைப் படித்தபோது, என்னைப் போலவே எங்கேயோ ஒருத்தர் விழுந்து எழுந்து வந்து அதை எழுதியிருக்கிறார் என்று தோன்றியது.

பன்னீர்தான் முதலில் வாயைத் திறந்தார்: "ரெண்டு ரோலாவே சொல்லிடுங்க பாய், நம்ம ஊரு ஆலைக்கும் போடுவோம்."

சொந்தத் தொழில்

அந்த விதிப்படி பேனல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற சோதனை அதிகாரி பெங்களூரிலிருந்து வந்தார். அதிகம் பேசாத, அதிகம் எழுதுகிற மனிதர். காலையிலிருந்து ஒவ்வொரு வயராகப் பார்த்தார். நாங்கள் வரிசையாகச் சுவரில் சாய்ந்து நின்றோம். மத்தியானம் வரை ஒரு குறையும் இல்லை. பாய் பிரியாணிக்குச் சொல்லி அனுப்பினார். அப்போது அதிகாரி மீட்டரைக் கதவில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கதவுக்கு எர்த் சரியாகப் போகவில்லை. காரணம் பெயிண்ட். முதல் வெளிநாட்டுப் பேனல் பளபளவென்று இருக்கட்டும் என்று பாய் தனியாகச் சொல்லி அடித்த பெயிண்ட், எர்த் போல்ட்டுக்கு அடியிலும் கனமாக உட்கார்ந்திருந்தது. இரும்பும் இரும்பும் தொடவே இல்லை. "நாலு மணி பஸ்சுக்குள்ள சரி பண்ணினா இன்னைக்கே கையெழுத்து. இல்லைன்னா அடுத்த மாசம்தான்" என்றார். அடுத்த மாசம் என்றால் கப்பல் போய்விடும்.

நான் உப்புத்தாளை எடுக்கும்முன் பாய் பிடுங்கிக்கொண்டார். வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, இரும்பு மின்னும்வரை சுரண்டினார். பிரியாணி ஆறிப்போனது. மூன்றரைக்கு அதிகாரி மறுபடி மீட்டரை வைத்தார்; கையெழுத்துப் போட்டார். கலைச்செல்வி விசில் அடித்தாள். சட்டையெல்லாம் சாம்பல் நிறப் பெயிண்ட் தூளாக எழுந்த பாய் சொன்னார்: "துபாயில பத்து வருஷம் அடுத்தவன் பேனல்ல பெயிண்டு சுரண்டினேன். இப்ப என் பேனல்ல சுரண்டுறேன். முன்னேற்றந்தானே?"

மன்னார்குடிப் பாராட்டு

அந்த வருஷம் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆர்டரும் தொடர்ந்து வந்தது. கெட்ட பழக்கமும் கூடவே வந்துவிட்டது: உள்ளூர்ப் பேனலுக்கும் எல்லாவற்றையும் ஒட்ட ஆரம்பித்தோம். எந்த வயர் எங்கே போகிறது, எந்தத் திருகை எவ்வளவு முறுக்கலாம், எதைத் தொட்டால் என்ன ஆகும், எல்லாம் ஸ்டிக்கராக. மன்னார்குடியிலிருந்து பேனல் எடுக்க வந்த ஆலை முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்று விடாமல் படித்தார். பாராட்டப் போகிறார் என்று நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்: "இவ்வளவு எழுதியிருக்கீங்க, மோட்டார் ஓடும்னு ஒரு இடத்துலயும் எழுதலையேம்மா?"

வெளிநாட்டு விதிப்புத்தகத்தை ஒருமுறை முழுசாகப் படித்தவர் அதன்பிறகு சொந்த வீட்டு சுவிட்ச் போர்டைக்கூட நிம்மதியாகப் பார்க்க முடியாது என்பது, அந்தப் புத்தகத்தில் எழுதாமல் விட்ட ஒரே எச்சரிக்கை.