கைராசிக்காரர் தொட்ட தட்டு

அம்மா அப்பா வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. பல்கலைக்கழகத்தின் எக்ஸ்ரே படிகவியல் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் கைராசிக்காரர். இருபத்தாறு வருடமாக அங்கே டெக்னீஷியன். பேராசிரியர்கள் வருவார்கள், மாநாட்டுக்குப் போய் ஓசிப் பையோடு திரும்புவார்கள், ஓய்வு பெறுவார்கள். இயந்திரம் மட்டும் யார் சொன்னாலும் கேட்காது, அவர் சொன்னால் கேட்கும்.

அடித்தளத்தில் இரண்டு அறைகள். பெரிய அறையில், ஈயக் கண்ணாடி போட்ட ஒரு பீரோவுக்குள், எக்ஸ்ரே குழாயும் எதிரே படம் பிடிக்கும் தட்டையான கறுப்புப் பலகையும் இருந்தன. நடுவில் விரல் கனத்தில் ஒரு கம்பி. அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு படிகத்தை வைத்தால், அது மெல்லச் சுற்றும். அதில் பட்டுச் சிதறும் கதிர் பலகையில் படமாக விழும், அதை வைத்துப் படிகத்துக்குள் எது எப்படி அமைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். மேலிருந்து உறையவைக்கும் நைட்ரஜன் காற்று ஊதிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்தால் கதிர் தானே நின்றுவிடும். பக்கத்துச் சின்ன அறை குளிர் அறை. அலமாரி முழுக்கப் பிளாஸ்டிக் தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் இருபத்து நான்கு குழிகள், குழிக்கு ஒரு சொட்டுப் புரதம், மேலே டேப். அங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை. தட்டு அதிர்ந்தால் படிகம் வளராது என்பது காரணம். ஆனால் உள்ளே நின்றால், நூற்றுக்கணக்கான சொட்டுகள் நம்மைப் பார்ப்பது போல ஒரு எண்ணம் வரும். அவருக்கும் வரும். வெளியே சொல்ல மாட்டார்.

புரதத்தைப் படிகமாக்குவது சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிற குழந்தைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி. அதற்கு அவரிடம் ஒரு கருவி இருந்தது: பூனை மீசை. வீட்டுப் பூனை உதிர்த்த மீசையைக் குச்சியில் ஒட்டி, ஏற்கெனவே வளர்ந்த படிகத்தின் மேல் லேசாகத் தடவி, புதுச் சொட்டின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். மீசையில் ஒட்டிய தூள் விதையாகி, கோடு போட்ட வழியே படிகங்கள் முளைக்கும். மற்ற ஆய்வகங்களிலும் இதைச் செய்வார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் மீசையைக் கழுவிவிடுவார்கள், அல்லது புதிதாக எடுப்பார்கள். இவர் கழுவ மாட்டார். கழுவினால் ராசி போய்விடும் என்று நினைப்பு. இத்தனை படித்தவர்கள் சுற்றி இருந்தும் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. கேட்பானேன்? படிகம் வந்துகொண்டிருந்ததே!

நான்காம் வருட ஆராய்ச்சி மாணவி ஒருத்தி அவரை வாய் நிறைய "அண்ணா" என்பாள். அவளுடைய புரதம் தலைமுடியைப் போல மெல்லிய ஊசிகளாகப் படிகமாகும். அந்த ஊசிக்குள்தான் புரதத்தோடு ஒரு மருந்து ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்தாள். கட்டுரை வெளிவந்தது, பாராட்டு வந்தது.

"இன்னும் கொஞ்சம் குண்டா வளர்ந்தா நல்லா இருக்கும்ணா. கொஞ்சம் தொட்டுட்டுப் போங்களேன்" என்று ஒருநாள் கேட்டாள்.

அவரும் ஆசையாகத் தேடினார். அலமாரியின் அடியில், அதே புரதத்தின் மறந்துபோன சொட்டு ஒன்றில், சர்க்கரைக் கல் மாதிரி கட்டியாக ஒரே ஒரு படிகம் இருந்தது. மீசையால் அதைத் தடவி, அவளுடைய எல்லாத் தட்டிலும் கோடு இழுத்தார். மூன்றே நாளில் குழிக்குக் குழி கட்டிகள். அவள் குதித்தாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் கட்டிக்குள் மருந்து இல்லை. சரி, பழையபடி ஊசியே போதும் என்று திரும்பினால், ஊசி வரவில்லை. புதுத் தட்டு போட்டாள், கட்டி. மீசையே படாத தட்டு போட்டாள், அதிலும் கட்டி. அறை முழுக்க அந்தத் தூள் பரவியிருந்தது போல. எந்தச் சொட்டும் ஊசியாக இருந்ததையே மறந்துவிட்டது.

பட்ட காலிலே படும் என்பது போல, ஊசியை எடுத்த மூலப் படங்கள் இருந்த டிஸ்க் பழுதானது. வேறொரு பல்கலைக்கழகத்துக்காரர்கள், தங்களுக்கு ஊசி வரவே இல்லை, இது கட்டிவிட்ட கதையா என்று எழுதிக் கேட்டார்கள். விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஆறு வாரத்துக்குள் ஓர் ஊசியைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் கட்டுரை போகும், பட்டம் போகும், பொய்க்காரி என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

முதல் வாரமே பேராசிரியர் கைராசிக்காரரைக் கூப்பிட்டு, பழைய தட்டு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடச் சொன்னார். மதிய இடைவேளையில் ஓர் அட்டைப் பெட்டியில் ஒன்று கிடைத்தது. அவள் முதல் வருடம் போட்டது. டேப் பிரிக்கப்படவே இல்லை. மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் குனிந்தார். ஊசிகள் உயிரோடு இருந்தன. கண்ணாடி இழை போல நான்கைந்து. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் ஊசியின் நுனி மங்கியது. மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி. மங்கல் நுனியிலிருந்து அடிக்கு நகர்ந்தது, ஊசி கரைந்தது, அது இருந்த இடத்தில் ஒரு கட்டி எழுந்து உட்கார்ந்தது. சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார். விளக்குச் சூடாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு அதை அணைத்தார், ஐந்து நிமிடம் காத்திருந்தார், அடுத்த குழிக்குக் குனிந்தார். அதிலிருந்த ஊசியும், இவர் கண் வரும்வரை காத்திருந்த மாதிரி, மங்கத் தொடங்கியது. டேப் போட்டபடியே இருந்தது. எந்தத் தூளும் உள்ளே போயிருக்க வழியில்லை, போனது அவருடைய பார்வை மட்டும்தான்.

அவர் செய்த தப்பு இதற்குப் பிறகுதான். தட்டைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு, "ஒண்ணும் கெடைக்கலை சார்" என்று சொன்னார். இருபத்தாறு வருட ராசி ஒரு மதிய வேளையில் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது?

மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, பேயறைஞ்ச மாதிரி எத்தனை நாள் இருப்பீங்க? யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லித் தொலைங்களேன்."

மறுநாள் மாடிப்படியில் மாணவியை நிறுத்தி, மீசை, கட்டி, தான் பார்த்ததும் மங்கிப்போன ஊசிகள், தொட்டியில் போட்ட தட்டு, எல்லாவற்றையும் சொன்னார்.

"எத்தனை நாளா தெரியும்ணா?"

"மூணு வாரமா."

"எனக்குக் குடுத்ததே ஆறு வாரம்ணா."

அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றே பேராசிரியர், அவள் சொல்லக் கேட்டு, ஊரின் மறுகோடியில், கைராசிக்காரர் கால் வைக்காத கட்டிடத்தில் ஓர் அறை இரவல் வாங்கினார். புது வெள்ளைக் கோட்டு, புதுத் தட்டு, புது மைக்ரோஸ்கோப். வேறொரு துறையின் உறைபெட்டியில் முன்பே சீல் வைத்துக் கொடுத்திருந்த புரதம். ஒன்பதாம் நாள் மாணவி போன் செய்தாள். வந்துவிட்டது, ஊசி.

இனிமேல்தான் கை வேலை. நைலான் வளையத்தால் ஊசியை ஒடியாமல் அள்ளி, கண் இமைக்கும் நேரத்தில் திரவ நைட்ரஜனில் முக்க வேண்டும். உறைந்துவிட்டால் பிறகு அது மாறாது. அந்தக் கை அவருடையது மட்டும்தான். அவரோ தெருவுக்கு எதிர்ப்பக்கம், பேருந்து நிறுத்தத்தில், காதில் போனோடு நின்றார்.

"வீடியோ போடட்டுமாண்ணா?"

"ஐயோ, வேண்டாம்! நீ வாயால சொல்லு, போதும்."

முதல் ஊசி ஒடிந்தது. இரண்டாவது ஒடிந்தது. மூன்றாவது வளையத்தை விட்டு வழுக்கிப் போனது.

"அவசரப்படாதேம்மா. ஊசி பக்கம் போகாதே. வளையத்தை அடியில குடுத்துட்டு சும்மா இரு. அதுவா வந்து படுக்கும். படுத்துச்சா? மேல தூக்கு. முக்கு!"

நைட்ரஜன் சீறுவது போனில் கேட்டது.

மறுநாள் உறைந்த ஊசி ஆய்வகத்துக்குப் போனது. அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். இயந்திரத்தை அவளே ஓட்டினாள். மாலை நான்கு மணிக்கு போன் அடித்தது.

"மருந்து அப்படியே இருக்குண்ணா! கமிட்டிக்கு அனுப்பியாச்சு. அவங்களும் பார்த்துட்டாங்க." அழுதுகொண்டே சிரித்தாள். அவரும்தான். மூச்சு வாங்கிக்கொண்டு, "படம் ஸ்க்ரீன்ல இருக்கு. வந்து பாக்குறீங்களா?" என்றாள்.

திரையில் இருப்பது வெறும் படம். அதைப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"வேற எடத்துலயும் காப்பி வச்சிருக்கியா?"

"ரெண்டு எடத்துல வச்சிருக்கேண்ணா."

"அப்பவும் வேண்டாம்மா" என்றார்.

அவள் வற்புறுத்தவில்லை. மறுமுனையில் அவள் நிம்மதியாக மூச்சு விட்டது அவருக்குத் தெளிவாகக் கேட்டது.