ஈக்கு வைத்த கருவாடு

புஸ்... புஸ்... புஸ்...

மண்ணெண்ணெய் வாடையோடு வரும் இந்தச் சத்தம்தான் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுச் சுப்ரபாதம். அம்மா கையில் ஈ மருந்து பம்போடு சமையலறையில் தொடங்கி கொல்லை மாமரம் வரை ஒரு ரவுண்டு வருவாள். ஈ என்றால் அவளுக்கு ஜென்மப் பகை.

அந்த மரமோ வருஷா வருஷம் பூத்துக் குலுங்கும். அப்புறம் எல்லாம் கொட்டும். ஒரு பிஞ்சு தங்காது.

முன்கட்டில் இருந்த வீட்டுக்கார மாமா ஒரு நாள் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த வருஷமும் காய்க்கலேன்னா வெட்டிட்டு கார் ஷெட் போட்டுடப் போறேன்."

அம்மாவுக்கு முகம் சுண்டிப் போனது. துணி துவைப்பது, அரிசி புடைப்பது, அப்பாவோடு சண்டை போடுவது... எல்லாம் அந்த நிழலில்தான்.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. கூட வேலை பார்த்த லால்குடிக்காரருக்கு மாந்தோப்பு உண்டு. அவரிடம் கேட்டுக்கொண்டு வந்தார்.

"மாம்பூவுக்கு மகரந்தம் சேர்க்கிறதே முக்கால்வாசி ஈதானாம். நீ மருந்தடிச்சு கொன்னுட்டா பூ எப்படி பிஞ்சாகும்? ஈ வரணும்னே அவங்க தோப்புல கருவாடு கட்டித் தொங்க விடுவாங்களாம்."

கருவாடு! கோயில் தெருவில்! முட்டை கூட உடைக்க மாட்டோம் என்று சத்தியம் செய்துதான் அந்த வீட்டுக்கே குடிவந்திருந்தோம். மாமாவுக்குத் தெரிந்தால் மரம் போவதற்கு முன்னால் நாங்கள் வெளியே போக வேண்டியதுதான்.

அம்மா பம்பைத் தூக்கிப் பரணில் போட்டாள்.

"நாளைக்கு வாங்கிட்டு வாங்க. நல்லா வாடை அடிக்கிறதா பாத்து வாங்குங்க."

பழைய துணியில் முடிந்து அப்பா மேல் கிளையில் கட்டினார். ஈ வந்தது பாருங்கள்... பச்சையும் நீலமுமாக, மினுமினுவென்று, பூவுக்குப் பூ. கூடவே தெருப் பூனைகள் அத்தனையும். பின்னாலேயே மாமா.

"என்னம்மா இது, ஏதோ துர்நாற்றம் அடிக்கறதே?"

அம்மா அசரவில்லை. "எலி செத்திருக்கு மாமா. உங்க வீட்டுப் பரண்லதான் போலிருக்கு."

பாவம், மாமா ஒரு வாரம் தன் பரணைக் குடைந்தார்.

அந்த வருஷம் கொத்துக் கொத்தாக மாவடு. கூடை நிறைய வாங்கிக்கொண்டு "எல்லாம் பெருமாள் கிருபை" என்றார் மாமா. அம்மா பக்தியோடு தலையாட்டினாள். கார் ஷெட் பேச்சு அதோடு போயிற்று.

இப்போது எடமலைப்பட்டி புதூரில் பிளாட். ஜன்னலெல்லாம் வலை, வாரா வாரம் அசோசியேஷன் புகை மருந்து. சோற்றைத் திறந்தே வைத்தாலும் ஒரு ஈ வராது. கீழே நிற்கும் மாமரம் மட்டும் பூத்துப் பூத்துக் கொட்டுகிறது. குப்பைதான் சேருகிறது, வெட்டி பார்க்கிங் ஆக்கலாம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு.

தேனீ குறைந்தால் பதறுகிறோம். ஈ குறைந்தால் நிம்மதியாகத் தூங்குகிறோம். எனக்கென்னவோ அந்தப் பச்சை நீல ஈக்களை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

பூ முடியும் வரை புகை வேண்டாம் என்று குரூப்பில் கெஞ்சி ஒத்துக்கொள்ள வைத்தேன். அம்மா சொன்னாள், "அது மட்டும் பத்தாது. மார்க்கெட்ல ஒரு பொட்டலம் வாங்கிட்டு வா."

நேற்று யாருக்கும் தெரியாமல் கட்டிவிட்டு மேலே வருவதற்குள் குரூப்பில் மெசேஜ்: "கீழ என்னங்க ஒரே நாத்தம்?"

நான் போனை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"எலி செத்திருக்குன்னு போடு."